மூக்கிரட்டை முதல் 12.5 மில்லிகிராம் வரை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் போகும் சாலை பஜாரில் நாட்டு மருந்துக் கடைகள் இன்னும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைத்தெரு இது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் இடம் என்பதால் கல்லாவில் இருப்பவருக்கு எந்தச் சரக்குக்கும் இரண்டு பெயர் தெரியும். ‘மூக்கிரட்டை வேர்’ என்று தமிழில் கேட்டாலும் ‘தழுதாம’ என்று மலையாளத்தில் கேட்டாலும் ஒரே சாக்கிலிருந்துதான் அள்ளிப் பொட்டலம் கட்டுவார். கால் வீங்கினால், முகம் உப்பினால், நீர் சரியாகப் பிரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் நினைத்தது இந்த வேரைத்தான்.

அதே தெருவில் இங்கிலீஷ் மருந்துக் கடைகளும் உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று அங்கே விற்கும் மாத்திரைகளின் பெயர் யார் வாயிலும் எளிதில் நுழைவதில்லை. ‘பிரஷருக்குக் குடுக்கிற நீர் மாத்திரை’ என்றால் போதும், கடைக்காரர் சீட்டைப் பார்த்து எடுத்துத் தருவார். வேருக்கும் மாத்திரைக்கும் நடுவே சில அடி தூரம்தான். ஆனால் அதிலிருந்து இதற்கு வந்துசேர மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் காலத்தில் மருந்தைக் கண்டுபிடித்ததைவிட, அதை எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டதே பெரிய வேலையாக இருந்தது.

நீரைப் பிரிய வைக்கும் மூலிகைகளைத் தனி வகுப்பாகவே பார்த்த மரபு நம்முடையது. சரக சம்ஹிதை, சிறுநீரைப் பெருக்கும் 10 மூலிகைகளை ஒரு குழுவாகத் தொகுத்திருக்கிறது. நெருஞ்சில் அதில் ஒன்று. சித்த மருத்துவ நூல்கள் ஒரு மூலிகையின் செய்கையைச் சொல்லும்போது ‘சிறுநீர்ப் பெருக்கி’ என்று ஒரு சொல்லைப் போடும். மூக்கிரட்டை, நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை எல்லாம் அந்த வரிசை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே சிறுபீளைதான் மலையாளத்தில் செறூள. கேரளத்தார் தசபுஷ்பம் என்று போற்றும் பத்தில் அதுவும் உண்டு. டச்சுக்காரர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் தழுதாமயும் படத்தோடு இருக்கிறது. அந்த லத்தீன் நூலைப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் ஆங்கிலமாக்க, 2003இல் அதை வெளியிட்டது திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகம். ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1889இல் இந்நகரில் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலை இன்று அரசு ஆயுர்வேதக் கல்லூரி. புனர்நவம் என்ற வடமொழிப் பெயரில் அதே செடி அங்கே பாடம்.

இவ்வளவு அறிந்திருந்த வைத்தியர்கள் பார்த்தது வீக்கத்தை. சோபை, மகோதரம், நீர்க்கோவை என்றெல்லாம் பேர் வைத்து அதை வகைப்படுத்தினார்கள். விரலால் அழுத்தினால் குழி விழும், கண்ணுக்குத் தெரியும். இரத்த அழுத்தம் அப்படிக் கண்ணில் படுவதில்லை. இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியைச் செய்து, ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் நாடியின் ஓசையைக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்ன பிறகுதான் அது எண்ணாகக் கைக்கு வந்தது. எண் வந்தும் அரை நூற்றாண்டுக்கு அதைக் குறைக்க நல்ல மருந்து இல்லை.

நீர் பிரிய வைக்கும் மருந்தின் நவீன வரலாறு வியன்னாவில் தற்செயலாகத் தொடங்கியது. 1919இல் அங்கே வெங்கெபாக் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் வார்டில் ஆல்ஃபிரட் ஃபோகல் என்ற மாணவர் வேலை பார்த்தார். மேகநோய் கண்ட ஒரு பெண்ணுக்குப் பாதரசம் சேர்ந்த ‘நோவாசூரோல்’ என்ற புதிய ஊசியைப் போட்டார். நோக்கம் மேகநோயைக் குணப்படுத்துவது. அந்த வார்டின் செவிலியர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று தினமும் அளந்து அட்டையில் குறிப்பார்கள். ஊசி போட்ட நாளெல்லாம் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருப்பதை அந்த அட்டைதான் காட்டிக் கொடுத்தது. உடல் முழுக்க நீர் கோத்துக் கிடந்த இதய நோயாளிகளுக்கு அதையே போட்டுப் பார்த்தார்கள்; ஒரே நாளில் லிட்டர் கணக்கில் நீர் இறங்கியது. அளந்து எழுதிய அந்தச் செவிலியர்கள் இல்லையென்றால் இந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

பாதரசம் சித்த மருத்துவத்துக்குப் புதிதல்ல. ரசம் என்று பேர் சொல்லி, சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று எச்சரித்த மரபு அது. மேலைநாட்டு மருத்துவமும் அந்தப் பயத்தோடுதான் அதைக் கையாண்டது. மாத்திரையாகக் கொடுத்துத் தினமும் வீட்டில் விழுங்கச் சொல்ல முடியாது. ஊசி, அதுவும் மருத்துவர் கண்ணெதிரில்.

1951 நவம்பர் 27 அன்று பிரதமர் நேரு திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைத் திறந்து வைத்தபோது உலக மருத்துவப் புத்தகங்களில் நிலைமை இதுதான். நாகர்கோவிலும் தக்கலையும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1இல்தான் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு நகர்ந்த பிறகும் நோயாளிகள் நகரவில்லை. பெரிய வியாதி என்றால் ‘திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோ’ என்பது குமரி மாவட்டத்து வழக்கு. கல்லூரியின் முதல் மாணவர்கள் படித்த காலத்தில் இரத்த அழுத்தம் எகிறியவருக்குச் சொல்ல முடிந்தது ஓய்வு, உப்பைக் குறை, மனசைக் கலக்கிக்கொள்ளாதே. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் வால்டர் கெம்ப்னர் 1940களில் உப்பே இல்லாத சோறும் பழமும் மட்டும் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார். கஞ்சிக்குப் பப்படமும் மாங்காய் ஊறுகாயும் சுட்ட கருவாடும் இல்லாமல் இறங்காத ஒரு நாட்டில், உப்பில்லாச் சோற்றை எத்தனை நாள் ஒருவர் தின்பார்?

கெம்ப்னரின் சோறு ஒன்றை நிரூபித்துவிட்டது: உப்பை உடம்பிலிருந்து வெளியேற்றினால் அழுத்தம் இறங்கும். அதை மாத்திரையால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. பதில் வந்தது சல்ஃபா மருந்துகளின் வழியே. கிருமியைக் கொல்லக் கொடுத்த சல்ஃபானிலமைடு சிலருக்குச் சிறுநீரில் சோடியத்தைக் கூடுதலாக இறக்கியது. 1949இல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அதையே இதய நோயாளிகளுக்குக் கொடுத்து வீக்கத்தை வற்ற வைத்தார். அந்த மூலக்கூறைத் திருத்தித் திருத்தி மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர், ஜேம்ஸ் ஸ்ப்ரேக், ஃபிரடெரிக் நோவெல்லோ, ஜான் பேர் ஆகிய நால்வரும் குளோரோதயசைடை உருவாக்கினார்கள். 1958இல் அது கடைக்கு வந்தது. 1975இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அந்த மாத்திரை செய்யும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு கலந்து இறங்கும் சாப்பாட்டு உப்பு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ! அத்தனையும் வெளியே போனால் ஒரு பொழுது தாங்க மாட்டோம். நுண்குழாய்களின் வழியெல்லாம் திரும்ப உறிஞ்சி எடுத்து, 1 அல்லது 2 லிட்டர் நீரையும் சில கிராம் உப்பையும் மட்டுமே உடம்பு வெளியே விடுகிறது. தயசைடு மாத்திரை அந்தக் குழாயின் கடைப்பகுதியில், மொத்த உப்பில் 100க்கு 5 பங்கை மீட்கும் இடத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சம் தடுக்கிறது. உப்பு போகிறது, பின்னாலேயே நீர் போகிறது. ‘நீர் மாத்திரை’ என்ற பெயரைவிட ‘உப்பு மாத்திரை’ என்ற பெயர்தான் இதற்குப் பொருந்தும். முதல் சில நாள் சிறுநீர் கூடுதலாகப் போகும். சில வாரத்தில் அது ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கியபடியே இருக்கும்.

குழாயின் நடு வளைவில், நாலில் ஒரு பங்கு உப்பை மீட்கும் இடத்தில் வேலை செய்வது ஃபுரோசமைடு. ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘லாசிக்ஸ்’. 6 மணி நேரம் நிற்கும் என்பதால் ஆங்கிலத்தில் ‘லாஸ்ட்ஸ் சிக்ஸ்’ என்பதைச் சுருக்கி அப்படிப் பேர் வைத்தார்கள். வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், நீர் மாத்திரை. அக்காவின் மாத்திரையைத் தங்கை வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஆபத்து அந்தப் பொதுப்பெயரில்தான் ஒளிந்திருக்கிறது.

லாசிக்ஸின் தேவையைத் தென் கேரளத்தைப்போல் அறிந்த இடங்கள் குறைவு. உகாண்டாவிலும் கேரளக் கடற்கரையிலும் ஏழைக் குழந்தைகளையும் இளைஞர்களையும் பிடித்த ஒரு விசித்திர நோய் இருந்தது; இதயத்தின் உட்புறம் தோல்போல் தடித்து இறுகிவிடும். வயிறு குடமாக, கைகால் குச்சியாக அந்தப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் 1976இல் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இந்த நோயைத் தன் சொந்தக் கவலையாக எடுத்துக்கொண்டது. முதல் இயக்குநர் எம்.எஸ். வலியத்தான் இறுகிய படலத்தை அறுவை செய்து நீக்கினார். கடற்கரை மணலில் இருக்கும் சீரியம் என்ற தனிமமும் உணவில் மக்னீசியக் குறைவும் சேர்ந்து இதைச் செய்கின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நீர் மாத்திரை அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது, இதயத்தைத் திருத்தவில்லை. வாழ்க்கைத் தரம் உயர உயர அந்த நோய் அருகிவிட்டது. பிற்காலத்தில் அதே வலியத்தான் சரகரைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார்.

இரத்த அழுத்தத்தின் கதையிலும் ஒரு நாட்டு வேர் வருகிறது. சர்ப்பகந்தியை அழுத்தத்துக்குக் கொடுக்கலாம் என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்ட கட்டுரை அதை உலகறியச் செய்தது. 1952இல் சிபா நிறுவனம் அதன் சத்தான ரெசர்பினைப் பிரித்தது. பிறகு ரெசர்பின், டைஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றையும் ஒரே வில்லையில் அடக்கி ‘அடல்ஃபேன் எசிட்ரெக்ஸ்’ வந்தது. இந்தியாவில் ஒரு தலைமுறைத் தாத்தா பாட்டிகளின் மருந்து டப்பாவில் அது இருந்தது.

இந்த அழுத்த மருந்துகள் உயிரைக் காக்கின்றனவா என்ற கேள்விக்கு 1967இல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் சோதித்தார்கள். கீழ் அழுத்தம் 115க்கும் 129க்கும் இடையே இருந்தவர்கள் அவர்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பெரிய ஆபத்து வந்தது. மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு. அந்த மருந்துக் கூட்டில் ஹைட்ரோகுளோரோதயசைடின் அளவு நாளுக்கு 100 மில்லிகிராம்.

இன்று சீட்டில் எழுதுவது 12.5 அல்லது 25.

இந்த இறக்கம்தான் இந்த மருந்தின் உண்மையான வரலாறு என்று சொல்லத் தோன்றுகிறது. பெரிய அளவில் கொடுத்த காலத்தில் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறியது, சர்க்கரை ஏறியது, யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கியது. அளவைக் குறைத்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்குகிறது, தொல்லை மட்டும் குறைகிறது என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. 1991இல் 60 வயது கடந்த 4,736 பேரிடம் நடந்த ஆய்வில் சிறு அளவுக் குளோர்தாலிடோனே பக்கவாதத்தை 100க்கு 36 பங்கு குறைத்தது. 2002இல் 33,000க்கும் மேற்பட்டவர்களிடம் புதிய, விலை கூடிய மருந்துகளோடு மோதிப் பார்த்தபோதும் இந்தப் பழைய மாத்திரை தோற்கவில்லை. கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுஃப், ஐந்து மருந்தை ஒரே உறையில் அடைத்து இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் சோதித்து 2009இல் வெளியிட்டாரே, அந்த ‘பாலிகேப்’பிலும் தயசைடு 12.5 மில்லிகிராம்தான்.

தமிழ்நாடு 1994இல் அமைத்த மருத்துவ சேவைக் கழகத்தைப் பார்த்து, 2007இல் கேரளமும் தைக்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு ஒன்றை நிறுவியது. விலை மலிந்த இந்த மாத்திரைகள் கிராமத்துச் சுகாதார நிலையம் வரை இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. 2017இல் தொடங்கிய தேசிய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அதே காலத்தில் ஸ்ரீசித்திரை நிலையத்தின் அச்சுத மேனன் மையம் கேரளம் முழுக்க ஏறக்குறைய 12,000 பேரைச் சோதித்தது. வயது வந்தவர்களில் 10க்கு 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களோ அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்தான்.

மருந்து கைக்கு எட்டிய பிறகு வந்த சிக்கலுக்குத் திருவனந்தபுரத்துத் தெருவில் ஒரு பெயர் உண்டு: ‘சோடியம் குறஞ்ஞு’. வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும். மாமி திடீரென்று பேச்சு குழறினார், பாட்டிக்குத் தன் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கும் 145க்கும் நடுவே. எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மெலிந்த உடம்புள்ள வயதான பெண்களுக்குத் தயசைடு தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் இது வரக்கூடும் என்பது உலகெங்கும் பதிவான உண்மை. இந்த ஊரின் சில பழக்கங்கள் அதற்குத் துணை போகின்றன. பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் இங்கே ஹோட்டலிலும் வீட்டிலும் எப்போதும் மேசையில் இருக்கும். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது என்று நாள் முழுக்கக் குடிப்பார்கள். பிரஷர் வந்துவிட்டதே என்று கஞ்சியில் உப்பை அடியோடு விட்டுவிடுவார்கள். சோறும் குறைந்துபோன வயது. மாத்திரை சோடியத்தை வெளியே தள்ள, குடித்த தண்ணீர் மிச்சத்தை நீர்த்துப்போக வைக்கிறது.

வலியசாலை, கரமனை பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதை விளக்குவது இன்னும் கடினம். செவிலியர் ‘உப்பு குறைஞ்சுபோச்சு அம்மா’ என்கிறார். ‘உப்பு குறையத்தானே மாத்திரை குடுத்தீங்க?’ என்று பாட்டி திருப்பிக் கேட்கிறார். கேள்வி நியாயமானது. தமிழில் யூரியா, கிரியாட்டினின் கூடினால் ‘உப்பு ஏறிடுச்சு’ என்கிறோம். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் ‘உப்பு நீர்’. குழம்பில் போடுவதும் உப்பு. நான்காவதாக ஒரு சோடியத்தையும் அதே சொல்லுக்குள் தள்ளினால் பாட்டி என்ன செய்வார்?

கிளினிக்கில் அந்தக் குழப்பத்தைப் பொறுமையாகப் பிரித்துச் சொல்வதைப் பார்க்க முடிகிறது. மாத்திரையைக் காலையில் போடுங்கள். சாயங்காலம் போட்டால் இரவில் எழுந்து நடந்து விழுவீர்கள். பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போகிற அன்றைக்கு வழியில் இறங்க முடியாதே என்று பல பெண்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடவேண்டாம், அன்றைக்கு எத்தனை மணிக்குப் போடலாம் என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து சாப்பாடு இறங்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், சில நாள் நிறுத்தச் சொல்லலாம். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். நீர் மாத்திரையும் டெல்மிசார்டன் போன்ற அழுத்த மருந்தும் சேர்ந்து உண்பவருக்கு அது சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். தயசைடு பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று கேட்டுத் தினமும் செவ்விளநீர் குடிக்கிறவர்களும் உண்டு. டெல்மிசார்டனும் ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துகள், ஆகவே இளநீர் எல்லாருக்கும் ஆகாது. மூக்கிரட்டைக் கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள். அந்த வேரிலும் பொட்டாசிய உப்பு இருப்பதைக் கல்கத்தாவில் ஆர்.என். சோப்ரா 1920களிலேயே கண்டார்.

கெண்டைக்கால் பிடித்திழுத்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், காரணமில்லாமல் தூக்கமும் குழப்பமும் வந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடவும் கூடாது; அழுத்தம் மறுபடி ஏறுவது வெளியே தெரியாது.

பேச்சு முடிந்ததும் பாட்டியின் கையிலிருக்கும் சிறு புத்தகத்தை வாங்கி, அன்றைய அழுத்தத்தை ஒரு கட்டத்தில் எழுதுகிறார் செவிலியர். 148/86. அடுத்த வரியில் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி. அதற்குக் கீழே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் என்று மலையாளத்தில் எழுதி, எண்ணுக்கு இடம் விட்டுக் கோடு போடுகிறார். ‘இது என்ன?’ என்று பாட்டி விரலை வைக்கிறார். ‘சாப்பாட்டு உப்பு இல்லை அம்மா, ரத்தத்து உப்பு. அன்னைக்கு வாங்க, பார்த்துச் சொல்றேன்.’